பந்தியில் சொன்ன கொழுப்பு

"அத்தை, போதும்! உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு!"

என் மகளுக்குக் காது குத்திய அன்று, கறிவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, நிறைந்த பந்தியில் என் மாமியாரைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை இது. வில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மூன்றாவது பந்தி. முக்கியமான சொந்தபந்தம் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருந்தது. அத்தை இரண்டாம் முறையாக இலையைக் காட்டி, நெஞ்செலும்பாகப் பார்த்துப் போடச் சொன்னார். நான் போடாமல் வாளியைப் பின்னால் இழுத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். பிறகு என் மாமனாரின் தம்பி, நாங்கள் சின்ன மாமா என்று கூப்பிடுகிறவர், எதிர் வரிசையிலிருந்து குரலை உயர்த்தினார். "நாங்க முப்பது வருசமாச் சொல்றோம். மருமக இப்பத்தான் டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிச்சிருக்கா!" பந்தலே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. கறி கிடக்கக் கிடக்க இலையை மடித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுவது எங்கள் பக்கம் சின்ன விஷயம் இல்லை.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. கன்னிவாடியிலிருந்து மலையேறி வந்த மருமகள் நான். கொடைக்கானல் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புகிற வேலை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது "சுகர் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு" என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைக்குத் தமிழில் இன்னொரு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பேப்பரில் இருந்ததைத்தானே சொன்னேன் என்று என் வீட்டுக்காரரிடம் வாதாடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தப் பேப்பர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். காதுகுத்துக்கு ஒரு மாதம் முன்னால், பள்ளங்கியில் இருந்த அத்தையின் தம்பி, ஐம்பது வயதுகூட ஆகாதவர், கேரட் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அத்தைக்கு அப்போது ஐம்பத்தேழு. மூன்று வருஷமாகச் சர்க்கரை. குளிருக்கு என்று ஆரம்பித்த பீடி, குளிர் இல்லாத நாளிலும் நாலைந்து போய்க்கொண்டிருந்தது. காரியம் முடிந்து வீடு திரும்பியதும் அத்தையையும் மாமாவையும் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, பேசவிடாமல், இரண்டு மூன்று தடவை பிரஷர் பார்த்தார்கள். மாமாவுக்கு மேல் எண் நூற்றைம்பத்தாறு. அத்தைக்கு நூற்று நாற்பத்து நாலு. இரத்தமும் சிறுநீரும் நானே எடுத்து, நானே மிஷினில் வைத்தேன். அத்தைக்குக் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அந்தக் காகிதத்தை என் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. செத்துப்போன தம்பியின் முகம்தான் இரண்டு நாளும் கண்ணில் நின்றது. வாளியைப் பின்னால் இழுத்த கைக்குப் பயம்தான் காரணம். ஆனால் வாயிலிருந்து வந்தது பயம் மாதிரி இல்லையே!

மறுநாள் திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். அத்தை வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான். டாக்டரம்மா மறுபடி பிரஷர் பார்த்தார். பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை உருவினார். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சின்னச் சின்னக் கட்டங்கள். வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை உண்டா, புகை உண்டா, பிரஷர் எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று வரிசையாகத் தேடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விரல் நிற்கும். அடுத்த பத்து வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று அந்த நிறம் சொல்லும். மாமாவுக்கு விரல் பச்சையில் நின்றது. உப்பைக் குறைங்க, ஊறுகாயை விடுங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். அத்தைக்கு விரல் சிவப்பில் நின்றது. தம்பியின் சாவும் சிறுநீரில் இறங்கிய புரதமும் இந்த அட்டைக்குத் தெரியாது, அதையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்று சொல்லி, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று என்று இரண்டு மாத்திரை எழுதினார்.

"இது என்ன, சாதகக் கட்டமா?" என்றார் அத்தை.

"ஜாதகத்தை மாத்த முடியாதும்மா. இதை மாத்தலாம். வயசையும் தம்பி செத்ததையும் நம்ம ஒண்ணும் பண்ண முடியாது. பீடியை விடலாம், பிரஷரையும் கொலஸ்ட்ராலையும் இறக்கலாம். ரெண்டு கட்டம் கீழ வந்துரலாம்."

அத்தை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அவுகளுக்கு நூத்தம்பத்தாறு. எனக்கு நூத்திநாப்பத்தி நாலு. கூடக் கெடக்குறவுகளுக்கு ஒண்ணும் வேணாம், கொறையக் கெடக்குறவளுக்கு ரெண்டு மாத்திரையா? ஆம்பளைக்கு ஒரு நாயம், பொம்பளைக்கு ஒரு நாயமா? நீங்களும் பொம்பளைதான, டாக்டரம்மா?"

டாக்டரம்மா பொறுமையாக இன்னொரு முறை சொன்னார். பிரஷர் தனியாக ஆளைக் கொல்வதில்லை, கூட யார் யார் கைகோத்து நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் மருந்து என்றார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று பஸ் ஸ்டாண்டு வரை மாமாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா பேச்சு குறைந்த மனிதர். நடந்து வந்தார்.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் நானும் எண்களைத் தனித்தனியாகப் பார்த்தே பழகியவள். என் மேசைக்கு மனுஷர்கள் வருவதில்லை, குழாய்கள்தான் வரும். ஒரு குழாயில் சர்க்கரை, ஒரு குழாயில் கொலஸ்ட்ரால். கோட்டுக்கு மேலே போனால் தடித்த எழுத்து, கீழே இருந்தால் சாதாரண எழுத்து. வீட்டுக்கு வந்து பிரஷர் எண்ணைக் கேட்கிற எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள், ஏதோ பரீட்சை மார்க் மாதிரி. நூற்றைம்பத்தாறு வாங்கியவன் தோற்றான், நூற்று நாற்பத்து நாலு வாங்கியவன் கொஞ்சம் தேவலை. அந்த நூற்று நாற்பத்து நாலுக்குப் பின்னால் சர்க்கரையும் பீடியும் கசிகிற சிறுநீரகமும் செத்த தம்பியும் வரிசையாக நிற்பதை யார் பார்க்கிறார்கள்? எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்க ஒருத்தர் வேண்டும். டாக்டரம்மா பார்த்தார். சொல்ல வேண்டிய நான்தான் பந்தியில் வைத்துச் சொல்லிக் கெடுத்தேன்.

அடுத்த மூன்று மாதம் அத்தை என்னிடம் நேராகப் பேசவில்லை. "ஏத்தா, ஒங்கம்மாகிட்டச் சொல்லு, பால் பொங்குதுன்னு" என்று என் நாலு வயது மகள் வழியாகத்தான் சேதி வரும். ஆனாலும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அலமாரியில் இருந்த மாத்திரை அட்டைகள் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டே வந்தன. ஒரு நாள் பிசகவில்லை. கோபம் என்மேல்தான், மாத்திரைமேல் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வாய்ச்சண்டை போட்டாலும் மருந்தைப் போடுகிறாரே, அதுவே போதும் என்று இருந்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் மாமா பூண்டுக் காட்டில் படிக்கட்டு வரப்பிலிருந்து இறங்கும்போது விழுந்தார். பனியில் கல் வழுக்கிவிட்டது என்றார்கள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து இருவரையும் மறுபடி டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாமாவுக்குப் பிரஷர் நூற்றுப் பன்னிரண்டு. எழுந்து நிற்க வைத்துப் பார்த்தால் இன்னும் இறங்கியது. அத்தைக்கு நூற்றைம்பது. மாமா உப்பைக் குறைத்ததற்கு இவ்வளவு பலனா என்று வியந்துகொண்டே குழாய்களை மிஷினில் வைத்தேன். மாமாவுடைய கொலஸ்ட்ரால் முன்பு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு; இப்போது நூற்று முப்பத்தொன்று. அத்தையுடையது முன்பு இருநூற்று அறுபத்தெட்டு. இப்போது இருநூற்று எழுபத்தொன்று.

லேப்காரிக்கு முதலில் வருகிற பயம், குழாய் மாறிவிட்டதோ என்பதுதான். பெயர்ச் சீட்டைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி இருவருக்கும் ஊசி குத்தி இரத்தம் எடுத்தேன். மறுபடி அதே எண்கள். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒன்றுமே இறங்கவில்லை. சாப்பிடாதவருக்கு எல்லாம் இறங்கியிருந்தது. மாறியது குழாய் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மாமா, நீங்க ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள். "வெள்ளனே காப்பியோட உங்கத்த ரெண்டு குடுப்பா. முழுங்கிருவேன்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"அவ குடுத்தா எதுக்குன்னு நான் என்னைக்கும்மா கேட்டிருக்கேன்?"

டாக்டரம்மா மாமாவின் மாத்திரையை அன்றே நிறுத்தினார். அத்தையைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "ஏம்மா?" அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை மாத்திரையை மட்டும் அவரே ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார். அது அவருடையது, அதில் கணக்குச் சரி. பிரஷர் மாத்திரையைக் கூடுதல் எண்காரருக்குக் கொடுத்து, டாக்டரம்மா செய்த அநியாயத்தை வீட்டளவில் நேர்செய்திருந்தார். கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொடுத்ததற்குக் காரணம் வேறு. அது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் பூண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கும் கொட்டகையில் அத்தை தனியாக உட்கார்ந்து பூண்டின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக் கோபமும் வாசல்படி தாண்டும்போதே என் வாயில் ஏறிவிட்டது. "அத்தை, உங்க தம்பி மாதிரி ஒரு நாள் சாயப் போறீங்களா? மாமா விழுந்தாரே, தலை கல்லுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு பேரு உசுரையும் வச்சு நீங்க வெளையாடுறீங்க. ஆமா, உங்களுக்குக் கொழுப்புத்தான்!" இந்தத் தடவை இரண்டு அர்த்தத்திலும்தான் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை.

அத்தை கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்க மாமனாரு செத்த ஏழாம் நாளு, ஓடைக்கரைக் காட்ட நீயா நானான்னு ஒன் சின்ன மாமன் வேலி போட வந்தான். ஒன் மாமாவுக்கு வாயில்ல. நான்தான் மம்பட்டிய எடுத்துக்கிட்டு வரப்புல நின்னேன். ஒன் புருசன் அப்ப என் இடுப்புல. அன்னைக்கு வச்ச பேரு, கொழுப்பெடுத்தவ. பூண்ட நானே மண்டிக்குக் கொண்டுபோனேன், கொழுப்பெடுத்தவ. பீடி குடிச்சேன், கொழுப்பெடுத்தவ. ஒன்ன வேலைக்கு அனுப்புனதுக்கும் அதே பேருதான், தெரியுமா ஒனக்கு? முப்பது வருசமா ஊரு வாயால சொன்னத நீ மிஷின்ல போட்டு, சீல் வச்சு, பந்தியில வாசிச்சுட்டியேடி. அந்த மாத்திரைய நான் முழுங்குனா என்ன அர்த்தம்? ஆமாய்யா, எனக்குக் கொழுப்புதான், கொறச்சுக்கிறேன்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. வெட்கம்தான் அதிகம். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று அத்தை ஒரே வார்த்தையில் சொன்னதும், அதற்கு அவர் கொடுத்த விலையை நான் ஒரு நாளும் கேட்காததும் அப்போதுதான் உறைத்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அத்தை அதை ஒரு கையசைவில் தள்ளினார்.

"இங்க வச்சு மாப்புக் கேட்டு என்ன சோலி? எங்க வச்சுச் சொன்னியோ அங்க வச்சு மாத்திச் சொல்லு. அப்பறம் மாத்திரையப் பத்திப் பேசுவோம்."

அதே சனம் கூடுகிற அடுத்த விசேஷம் சின்ன மாமா வீட்டு வளைகாப்பு. அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அத்தை மாத்திரையைத் தொடவில்லை. நானும் கெஞ்சவில்லை, கெஞ்சினால் பலிக்காது என்று தெரியும். விடியற்காலையில் அத்தை இருமினால் எழுந்து உட்காருவேன். மேட்டில் ஏறி நின்று மூச்சு வாங்கினால் சன்னலுக்கு ஓடுவேன். என் வீட்டுக்காரர், "அடுத்தவங்க விசேஷத்துல போயிப் பிரச்சனை வேணாம், அம்மா தானா வழிக்கு வரும்" என்றார். உங்கள் மாமா பள்ளங்கியில் தானாக வழிக்கு வந்தாரா என்று கேட்டேன். பிறகு அவர் தடுக்கவில்லை.

வளைகாப்பில் எங்களுக்கு இரண்டாவது பந்தியில் இடம் கிடைத்தது. சின்ன மாமா வரிசைக்கு நடுவே நடந்து எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தார். அத்தை இலையில் பாயசம் விழுந்ததும் நான் எழுந்து நின்றேன். குரல் நடுங்கக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. எங்க வீட்டுக் காதுகுத்துல எங்க அத்தைக்குக் கொழுப்புன்னு நான் சொன்னேன். நான் சொன்னது ரத்தத்துல ஓடுற கொழுப்ப. அது நல்லவங்க கெட்டவங்க பாக்காது, ஆம்பள பொம்பள பாக்காது, இங்க உக்காந்திருக்க யாருக்கும் இருக்கலாம். அதுக்கு டெஸ்ட் இருக்கு, மாத்திரை இருக்கு. நீங்க சிரிச்சது வேற கொழுப்ப நெனச்சு. அதுக்கு எங்க லேப்ல டெஸ்ட் இல்ல. இருந்திருந்தா அன்னைக்குச் சிரிச்சவங்களுக்குத்தான் மொதல்ல போட்டிருப்பேன். சொந்தக் காட்டக் காப்பாத்துனதுக்கும் மருமகள வேலைக்கு அனுப்புனதுக்கும் பேரு கொழுப்புன்னா, எனக்கும் அது வேணும்."

மருமகள் பேசுகிற பேச்சா இது என்று யாரோ ஒரு பெரியம்மா முணுமுணுத்தார். சின்ன மாமா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார். அத்தை யாரையும் பார்க்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு மாத்திரையையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, "கொழுந்தனாரே, அந்தச் செம்ப இங்கிட்டுத் தாங்க" என்று கேட்டார். அவர் கொடுத்தார். அத்தை மாத்திரையை விழுங்கிவிட்டுப் பாயசத்தை முழுக்கச் சாப்பிட்டார். சர்க்கரைக்காரிக்குப் பாயசம் கூடாது என்று என் நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. பீடியை விட அத்தைக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை விட்டதைத் தொட்டார், அதற்காக நாங்கள் போட்ட சண்டை தனிக்கதை. மாமாவுக்கு இடையில் பிரஷர் மாத்திரை தேவைப்பட்டது. இப்போது அவருடையதை அவரே போட்டுக்கொள்கிறார். அத்தை நன்றாக இருக்கிறார். சிவப்புக் கட்டத்தில் இருந்த எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் போனவர்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன். வாய்ப்பைக் குறைக்கலாம், வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் குறைக்க முடிந்ததைக் குறைக்காமல் விதி என்று உட்காருகிறவர்களிடம் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. நான் மட்டும் அந்த வார்த்தையை இப்போது யாரிடமும் சத்தமாகச் சொல்வதில்லை. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டி, கையில்தான் கொடுக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் சின்ன மாமா லேப்புக்கு வந்தார். தனியாக. ஒரு வாரமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு கனக்கிறதாம். சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மத்தியானம் ரிப்போர்ட் வாங்க வந்தபோது, கவரைப் பிரிக்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்கும் அது இருக்காம்மா?"

எட்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. பதிலுக்கு எத்தனையோ வாசகம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. "நெஞ்சு கனம்னு சொல்றீங்க மாமா, மொதல்ல டாக்டரம்மாவப் பாருங்க. அவங்க எல்லாத்தையும் சேத்துப் பாத்துச் சொல்லுவாங்க. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

வெளியே பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கும் பரிசோதனை நாள். சின்ன மாமா கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கையில் ஒட்டியிருந்த பஞ்சை மறைக்க மறந்துவிட்டார். அத்தை பஞ்சைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷத்துக் கணக்கு அவர் வாயில் இருந்தது.

அத்தை நர்ஸைக் கூப்பிட்டார். "ஏம்மா, அடுத்த சீட்டு என்னுதுதான? அத எங்க கொழுந்தனாருக்குக் குடுங்க. அவரு வெரசாப் பாக்கணும்."